கை நனைக்குமுன்

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் எடைபோடப்பட்டு, கையில் சிறிது பணம் புரளத் தொடங்கும் தை, மாசி மாதங்களில்தான் தஞ்சை வட்டாரத்துக் கிராமங்களில் சம்பந்தம் பேசும் பருவம் களைகட்டுகிறது. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, இரு தரப்புக்கும் மனம் ஒத்துவிட்டால், பெண் வீட்டார் ஒரு வேன் பிடித்து மாப்பிள்ளையின் ஊருக்குப் போவார்கள். வாசலையும் கொல்லையையும் பம்புசெட்டையும் மாட்டுக் கொட்டகையையும் கண்ணால் பார்த்து, ஊராரிடம் இரண்டு வார்த்தை பேசி, திருப்தி ஏற்பட்ட பிறகுதான் அந்த வீட்டில் இலை போட்டு உட்காருவார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். காபியோடு நிறுத்திக்கொண்டு, “போய்த் தகவல் சொல்கிறோம்” என்று எழுந்துவிட்டால், அது மரியாதையான மறுப்பு.

இந்த ஏற்பாட்டில் விவேகம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெண்ணைப் பெற்றவன் போய்ப் பார்க்கவேண்டும், விசாரிக்கவேண்டும், மனத்துக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம் என்ற மூன்று உரிமைகளையும் அது சபையறிய ஒப்புக்கொள்கிறது. ஆனால் விசாரணை என்ற பெயரில் அங்கே நடப்பது என்ன? நிலம் எத்தனை மா, சொந்தமா குத்தகையா, பட்டா யார் பெயரில், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் எவ்வளவு, பையன் குடிப்பானா, குடித்தால் தினமுமா, நல்லது கெட்டதுக்கு மட்டுமா — இவற்றை டீக்கடைக்காரரிடமும், சலூன்காரரிடமும், தூரத்து உறவு என்று சொல்லிக்கொள்ளும் பங்காளியிடமும் கேட்டு முடிக்கிறார்கள். கேட்பவர்களும் ஆண்கள், பதில் சொல்பவர்களும் ஆண்கள். கால் வேலி நன்செய் வாங்கப் புகுந்தால் 30 வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காத மனிதர்கள், மகளை அனுப்பப்போகும் வீட்டில் இதற்கு முன் எந்தப் பெண்ணாவது அடிபட்டிருக்கிறாளா என்ற ஒரு கேள்வியை மட்டும், கேட்டால் அநாகரிகமாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

அது அபூர்வமான அபாயமாக இருந்தால் அப்படி விழுங்கிக்கொள்வதில் குற்றமில்லை. மத்திய அரசு 2019 முதல் 2021 வரை நடத்திய ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் விவாகமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர், கணவனின் வன்முறையை வாழ்க்கையில் எப்போதாவது அனுபவித்ததாகத் தாங்களே கூறியிருக்கிறார்கள். அகில இந்திய சராசரி நூற்றுக்கு 29. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்பதாக நாம் பெருமை பேசும் ராஜ்யத்தின் கணக்கு இது. பத்துப் பொருத்தங்களில் ஒன்று குறைந்தாலும் ஜாதகத்தை மடித்து வைத்துவிடும் தகப்பனார், ஏறக்குறைய ஐந்தில் இரண்டு என்ற இந்த விகிதத்தை எப்படிப் பொருட்படுத்தாமல் விடுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

கேட்காமலே காதில் விழும் சமாசாரங்களும் உண்டு. அவற்றைக் கேட்கத் தெரியவேண்டும். பெண்ணுக்கு அத்தை முறையான ஒருத்தி, மற்றவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கையில் கொல்லைப்புறம் போய், பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும் வேலைக்காரப் பெண்ணிடம், “ஏம்மா, தம்பி எப்படி, கோபதாபம் உண்டா?” என்று பேச்சுக் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். “தங்கமான புள்ளைங்க. தண்ணி போட்டாத்தான் கொஞ்சம் சத்தம். மொதல்ல வந்த அண்ணிதான் அனுசரிச்சுப் போவாம அம்மா வீட்டோட இருந்துட்டாங்க” என்று பதில் வருகிறது. பாராட்டுப் பத்திரம்போல் தொனிக்கும் இந்தப் பேச்சுக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: குடித்த இரவுகளில் அண்டை வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு ஏதோ நடக்கிறது, முன்பு ஒருத்தி அந்த வீட்டில் வாழ்ந்து வெளியேறியிருக்கிறாள், பழி முழுவதும் அவள்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. “சத்தம் வந்தா யாரும்மா போய் விலக்கிவிடுவாங்க?” என்று அத்தை அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாளானால், ஒரு வேன் நிறைய ஆண்கள் அரை நாள் அலைந்து சேகரித்ததைவிட அதிகமாக அவள் தெரிந்துகொண்டு வருவாள்.

இந்தக் கேள்வியை உறவின்முறையின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடாமல் அரசாங்கத்தின் கடமையாகவே ஆக்கிய தேசம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் சால்ஃபோர்டு நகரத்தில் வாழ்ந்த கிளேர் வுட் என்ற 36 வயதுப் பெண்மணி, 2009 பிப்ரவரியில், தான் விலக்கிவிட்ட பழைய காதலனால் கொல்லப்பட்டார். அவன் முன்பும் பெண்களைத் துன்புறுத்தியவன்; அந்தச் சரித்திரம் போலீஸ் ஏடுகளில் இருந்தது; கிளேருக்குத்தான் தெரியாது. தெரிந்திருந்தால் என் மகள் அவனை அண்டியிருக்கமாட்டாள் என்று அவருடைய தகப்பனார் மைக்கேல் பிரவுன் விடாமல் வாதாடியதன் பயனாக, 2012-இல் நான்கு போலீஸ் பிரதேசங்களில் பரீட்சார்த்தமாகவும், 2014 மார்ச் 8 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும், ‘கிளேர் சட்டம்’ என்று ஜனங்கள் அழைக்கும் திட்டம் அமலுக்கு வந்தது. ஒரு பெண்ணோ, அவளுடைய தாயோ, தோழியோ காவல்நிலையத்துக்குப் போய், இன்னாருக்கு இப்படிப்பட்ட பூர்வ சரித்திரம் உண்டா என்று கேட்கலாம். கேட்காவிட்டாலும், ஆபத்து இருப்பதாகப் போலீசாருக்குத் தோன்றினால் அவர்களே தேடிவந்து சொல்லலாம். வாய்மொழியாகத்தான் சொல்வார்கள், காகிதத்தில் எழுதிக் கொடுக்கமாட்டார்கள்; கேட்டதை ஊரில் பரப்புவதில்லை என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். தாய் கேட்டிருந்தாலும், தகவல் போவது பெரும்பாலும் ஆபத்தில் இருக்கும் மகளுக்கே. 2021-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைச் சட்டம் இதற்குச் சட்டபூர்வமான அஸ்திவாரத்தையும் கொடுத்தது. ஸ்காட்லாந்து 2015-இலும், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 2020-இலும் இதே வழியைப் பின்பற்றின.

நம் நாட்டில் இப்படி ஒரு ஜன்னல் இல்லை. பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு என்று ஒன்று 2018-இல் தொடங்கப்பட்டது. அதைப் போலீசார்தான் பார்க்கலாம், ஜனங்கள் பார்க்க முடியாது. வீட்டுக்குள் அடிப்பவன் அதன் வரம்பிலும் வருவதில்லை. தமிழகக் காவல்துறை இணையதளத்தில் நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு ஒரு சேவை இருக்கிறது: வேலைக்கு வருபவனைச் சரிபார்க்கலாம், வாடகைக்குக் குடிவருபவனைச் சரிபார்க்கலாம், வீட்டு வேலையாளைச் சரிபார்க்கலாம். மாப்பிள்ளைக்கு அதில் இனம் கிடையாது. மாடியில் குடிவைப்பவனைப் பற்றி நமக்குள்ள கவலையை, மகளைக் குடிவைப்பவனைப் பற்றியும் கொண்டால் என்ன என்று யாருக்கும் தோன்றாமல் போனது விசித்திரந்தான்.

என்றாலும், தேடத் தெரிந்தவனுக்குச் சில வாசல்கள் திறந்தே இருக்கின்றன. மனைவியைக் கொடுமைப்படுத்துவது 1983 முதல் தனிக் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ என்று எல்லோருக்கும் பழகிப்போன அந்தப் பிரிவு, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நியாய சம்ஹிதையின் 85-ஆம் பிரிவாக வழங்குகிறது. 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவும், கணவன் வீட்டிலேயே தங்கி வாழும் உத்தரவும் பெறலாம். இவ்வழக்குகளுள் பல, இ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரைக் கொண்டு தேடினால் அகப்படும். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், வருஷம் ஆகியவற்றைக் கொடுத்து, நிலுவையில் உள்ளவை, முடிந்தவை இரண்டையும் பார்க்கவேண்டும். முடிந்தவற்றைப் பார்க்காமல் விட்டுவிடுபவர்களே அதிகம். எச்.எம்.ஓ.பி. என்றிருந்தால் அது விவாகரத்து முதலான இந்து விவாக வழக்கு; எம்.சி. என்றால் ஜீவனாம்சம்.

இங்கே இரண்டு இடறுகள் உண்டு. முதலாவது, பெயர். செந்தில்குமார் என்ற ஒரே பெயர், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே சொல்லாகவும் இரண்டாகவும், தலைப்பெழுத்து முன்னாலும் பின்னாலும் நின்று, நாலு விதமாகப் பதிவாகியிருக்கும். அன்றியும், ஒரு மாவட்டத்தில் எத்தனையோ செந்தில்குமார்கள்! தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போகாமல் இவன்தான் அவன் என்று முடிவுகட்டுவது மகா பாபம். இரண்டாவது, இடம். அடிபட்டவள் தாய்வீடு திரும்பிய பிறகுதான் பெரும்பாலும் வழக்குப் போடுகிறாள். அவள் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று சட்டமும் இடம் கொடுக்கிறது. ஆகையால் ஒரத்தநாட்டு மாப்பிள்ளையின் வழக்கு தஞ்சாவூர் நீதிமன்றங்களில் இல்லாமல், முதல் மனைவி மன்னார்குடிப் பெண்ணாக இருந்தால் திருவாரூர் மாவட்டத்து நீதிமன்றங்களில் இருக்கும். மாப்பிள்ளையின் ஊரில் மட்டும் தேடிவிட்டுத் திருப்தி அடைபவர், பூட்டிய வீட்டின் வாசலில் நின்று யாரும் இல்லை என்று சொல்பவரே.

இன்னொரு வாசலும் உண்டு: முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. ஆனால் அந்தரங்கமான குற்றங்களுக்கு விலக்கும் அளித்தது. இந்து விவாகச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, தம்பதிகளின் வழக்கை மூடிய அறையில் நடத்தவேண்டும், அதன் விவரங்களை அச்சிட்டுப் பரப்பலாகாது என்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் மூடிய அறை விசாரணைக்கு இடமுண்டு. இவை பெண்ணின் மானத்தைக் காக்க எழுந்த ஏற்பாடுகள். அவளை அடித்தவனுக்கும் அதே திரை நிழல் தருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பதிவான சரித்திரத்தைப் பற்றி. நம் பிராந்தியத்தில் உண்மையான சங்கடம், பதிவு என்பதே உண்டாகாமல் போவதுதான். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல்நிலையம் திறக்கப்பட்டது. இன்று தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை என்று எங்கும் அவை இருக்கின்றன. காலை வேளையில் அத்தகைய நிலையம் ஒன்றின் வாசலில் போய் நின்று பாருங்கள். மரத்தடியில் இரண்டு கூட்டம், ஒன்றை ஒன்று பார்க்காமல் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் பெண்ணும் தாயும், சித்தப்பா முறையில் ஒருவரும். மறுபக்கம் பையனும் அவன் தமக்கையும், ஊர்ப் பெரியவர் ஒருவரும். மனுவை வாங்கிக்கொண்டு ‘சி.எஸ்.ஆர்.’ என்ற ரசீதைக் கொடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் அம்மா இருவரையும் உள்ளே அழைத்துப் பேசுகிறார். குடும்பத் தகராறுகளில் வழக்குப் பதியுமுன் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்திருப்பதால், சட்டப்படி அதில் குறை காண்பதற்கில்லை. மத்தியானத்துக்குள் சமாதானம் ஏற்பட்டுவிடுகிறது. வெள்ளைத் தாளில், ‘இனிமேல் என் மனைவியை அடிக்கமாட்டேன், குடித்துவிட்டு வரமாட்டேன்’ என்று பையன் எழுதி, சாட்சிகளோடு கையெழுத்திடுகிறான். ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று பெண்ணும் எழுதுகிறாள். இரண்டு கூட்டமும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்புகின்றன.

‘இனிமேல் அடிக்கமாட்டேன்’ என்பது இதுவரை அடித்தேன் என்ற ஒப்புதல் அல்லவா? கையெழுத்தும் சாட்சியும் உள்ள ஒப்புதல்! ஆனால் அந்தத் தாள் நிலையத்துக் கட்டு ஒன்றில் சேர்ந்து, எந்த நீதிமன்றப் பட்டியலிலும் ஏறாமல், எந்தத் தேடலுக்கும் அகப்படாமல் கிடக்கிறது. ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். காயத்தோடு வருபவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் ‘ஏ.ஆர்.’ என்னும் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார்கள். எப்படிக் காயம் பட்டது என்று கேட்கும்போது, கணவன் பக்கத்தில் நிற்க, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் அந்தப் பெண் சொல்லுவாள். எழுதுபவர் அதையே எழுதுவார்.

அப்படியும் மீறி வழக்குப் பதிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருஷம் அலைந்த பிறகு, நகையைத் திருப்பிக் கொடுத்து, ஒரு தொகையும் கொடுத்து, பரஸ்பர சம்மதத்தின்பேரில் விவாகரத்து வாங்கிக்கொள்ளப் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள். ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து, குற்ற வழக்கை வாபஸ் பெறுவது. 498-ஏ பிரிவில் தாங்களே சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தராததால், மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் வழக்கை ரத்து செய்துகொள்கிறார்கள். சமரசம் ஏற்பட்டால் அவ்வாறு ரத்து செய்யலாம் என்று 2003-இல் பி. எஸ். ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. அதன்பின் இரண்டாம் விவாகத்துக்குப் பெண் தேடும்போது, “கேஸ் ஒண்ணும் இல்லை, ரெண்டு பேரும் மனசு ஒத்துப் பிரிஞ்சாங்க” என்று தரகர் சொல்வதில் பொய்யென்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் ரத்து செய்த உத்தரவு பெரும்பாலும் உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கும். எந்தக் காவல்நிலையத்து எந்த வழக்கு ரத்தாகிறது என்பது அதன் முதல் பக்கத்திலேயே இருக்கும். பரஸ்பர சம்மதம் என்று கேள்விப்பட்டதும் நிம்மதி அடையாமல், அந்த உத்தரவின் நகலைக் காட்டுங்கள் என்று கேட்பதே உசிதம்.

கிளேர் சட்டத்தைப் போல ஒன்றை இங்கே கொண்டுவந்தால் போதும் என்று வாதிப்பவர்களோடு முழுவதும் உடன்பட எனக்கு மனம் வராததற்கு, பதிவு என்பதே உண்டாகாத இந்த நிலைமையே காரணம். வெற்று ஏட்டைத் திறந்து காட்டும் சட்டத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ‘எதுவும் இல்லை’ என்ற பதிலை நற்சான்றாக எடுத்துக்கொண்டு கழுத்தை நீட்டும் பெண்ணுக்கு அது புதிய அபாயமாகவும் முடியும். இங்கிலாந்திலும் இந்த ஐயம் எழுந்ததுண்டு. அங்கே புகார்கள் ஓரளவாவது பதிவாவதால் திட்டம் நடக்கிறது. இங்கே முதலில் மாறவேண்டியது அந்த மரத்தடி நடைமுறை. சமாதானம் செய்துவைக்கட்டும், ஆனால் எழுதி வாங்கிய தாள் ஒவ்வொன்றையும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி உள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பி, குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையாகப் பதிந்துவைக்கட்டும். அந்த அறிக்கைக்கு அச்சட்டத்தின் 2006-ஆம் வருஷத்து விதிகளிலேயே படிவம் இருக்கிறது.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். வழக்கு என்பது தீர்ப்பல்ல. கோபத்தில் மாமனார், மாமியார், வெளியூரில் வாழும் நாத்தனார் என்று குடும்பம் முழுவதையும் சேர்த்து எழுதிக் கொடுத்த புகார்கள் உண்டு. இந்தப் பிரிவில் யோசனையின்றிக் கைது செய்வதை 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஆகவே வழக்கு இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதைவிட, இருக்கிற காகிதத்தைப் படித்துப் பார்ப்பது முக்கியம். காயத்தைப் பற்றிய மருத்துவக் குறிப்பு இருக்கிறதா, மாஜிஸ்டிரேட் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தாரா, ஜீவனாம்ச உத்தரவுக்குப் பிறகும் பணம் கட்டாமல் இழுத்தடித்தானா என்பவை பேசும். ஒரு வக்கீலிடம் காட்டினால் சிறிது நேரத்தில் சொல்லிவிடுவார். அதற்கும் வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் மாப்பிள்ளைகள் டெல்டாவில் ஏராளம். அவர்கள் ஊருக்கு வருவதே மூன்று வாரம். அதற்குள் நிச்சயம், விவாகம், விருந்து எல்லாம் நடந்தாகவேண்டும் என்ற அவசரத்தில், அந்த மனிதன் அங்கே எப்படி வாழ்கிறான் என்பதைப் பற்றிய சாட்சியம், அவன் அனுப்பும் பணம் ஒன்றுதான். அங்கே அவனோடு அறையில் தங்கியிருந்து திரும்பிய நம் ஊர்ப் பையன் ஒருவனைத் தேடிப் பிடிப்பதே எளிய உபாயம். துப்பறியும் ஏஜென்சிகளை நாடுவோரும் உண்டு. அவற்றை நெறிப்படுத்த 2007-இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. தொலைபேசி விவரங்களைக் களவாக விலைக்கு வாங்கியதாக 2018-இல் மகாராஷ்டிரத்தின் தாணேயில் துப்பறிவோர் சிலர் கைதானார்கள். காசைக் கொடுத்து அந்த வம்பில் மாட்டிக்கொள்வானேன்?

மாப்பிள்ளை முன்பு மணம் செய்து விலகியவனானால், எல்லாவற்றிலும் சிறந்த சாட்சி அந்த முதல் மனைவியே. ஆனால் அவள் வீட்டுப் படியேறிக் கேட்பவர்கள் மிகச் சிலர். அவள் கோள் சொல்வாள் என்பது ஒரு சாக்கு. அது கௌரவக் குறைவு என்பது மற்றொன்று. ஆண்கள் போனால் அவள் தகப்பனார்தான் பேசுவார். முடிந்துபோன கதை, எங்களுக்கு எதற்கு என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். பெண்கள் இருவராகப் போகவேண்டும். கூடுமானால் கல்யாணப் பெண்ணும் கூடப் போகவேண்டும். நல்லவனா கெட்டவனா என்று கேட்டால் பயனில்லை, அது அபிப்பிராயம். முதல்முதலில் எப்போது கை வைத்தான், அப்போது வீட்டில் யார் இருந்தார்கள், மாமியார் என்ன சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போனதுண்டா, காவல்நிலையத்தில் என்ன எழுதி வாங்கினார்கள், அந்த ரசீது இருக்கிறதா என்று கேட்டால், சொல்வது உண்மையா என்பதைக் கேட்பவளே நிதானித்துக்கொள்ளலாம். ரசீதை அவள் தொலைத்திருக்கமாட்டாள். ரேஷன் கார்டோடும் குழந்தையின் பிறப்புச் சான்றோடும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருப்பாள்.